மொட்டைக் கடிதமும் மஞ்சள் புள்ளிகளும்: அலுவலகக் கருவிகள் சொல்லாமல் செய்யும் வேலைகள்

மேசைக்குறிப்பு

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். சென்ற வாரம் எங்கள் மேலாளரின் மேசைக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்து சேர்ந்தது. ஓவர்டைம் கணக்கில் சிலருக்கு மட்டும் சலுகை காட்டப்படுகிறது என்ற புகாருடன், வருகைப் பதிவின் வண்ணப் பட்டியல் ஒன்றும் அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. வண்ண லேசர் அச்சுப்பொறிகள் ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளை வைக்கின்றன என்றும், அவற்றைக் கொண்டு கடிதத்தை யார் அச்சிட்டார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்றும் மேலாளர் கூட்டத்தில் அறிவித்தார். இது உண்மையா, வெறும் மிரட்டலா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி சற்று வேடிக்கையானது. கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘யார் என்பது விரைவில் தெரிந்துவிடும்’ என்ற வரியின் முடிவில், ‘ஜே’ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்து தனியாக நின்றது. எங்கள் பிரிவில் அந்த எழுத்தில் பெயர் தொடங்குபவர்கள் மூவர். மூவருமே அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று யாருக்காவது தெரியுமா?

டோனர்காரர்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நகல் இயந்திரங்களையும் அச்சுப்பொறிகளையும் பழுது பார்த்து வருபவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். புள்ளிகள் இருப்பது உண்மை. 1980களின் நடுவில் வண்ண நகல் இயந்திரங்கள் சந்தைக்கு வரத் தொடங்கியபோது, அவற்றைக் கொண்டு கள்ளநோட்டு அடித்துவிடுவார்களோ என்று அரசுகள் அஞ்சின. அந்த அச்சத்தைத் தீர்ப்பதற்காக ஜெராக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஏற்பாடு இது. (நம் ஊரில் எந்த நகலுக்கும் ஜெராக்ஸ் என்றுதான் பெயர் என்பதால் தெளிவுபடுத்துகிறேன், நான் சொல்வது அந்த நிறுவனத்தையே.) பிற்பாடு மற்ற நிறுவனங்களின் வண்ண லேசர் இயந்திரங்கள் பலவற்றிலும் இது இடம்பெற்றது. 2004 வரை வெளியுலகத்துக்கு இதைப் பற்றி அதிகம் தெரியாது. வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை, கையேட்டில் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. இயந்திரத்தின் பட்டியலில் இதை நிறுத்துவதற்கான பொத்தானை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுடையது. வெள்ளைத் தாளில் மஞ்சள் நிறம் எடுபடாது என்பதால்தான் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரே வடிவம் தாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஓரத்தைக் கிழித்துப் போட்டாலும் பயனில்லை. பார்க்க வேண்டுமானால் அறையை இருட்டாக்கி, நீல எல்இடி விளக்கொளியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். நீல ஒளியை மஞ்சள் விழுங்கிவிடுவதால் புள்ளிகள் கறுத்துத் தெரியும். கறுப்பு டோனர் (அச்சு மைத்தூள்) மட்டுமே உள்ள இயந்திரத்தில் மஞ்சள் புள்ளிக்கு வழியே இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சந்தேகி

மஞ்சள் டோனர் தீர்ந்துபோனால், கறுப்பு எழுத்து மட்டும் உள்ள கடிதத்தைக்கூட அச்சிட மறுக்கும் இயந்திரங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்தப் புள்ளிகளை வைக்க முடியாமல் போய்விடும் என்பதால்தானே அந்த அடம்?

டோனர்காரர்

அப்படி ஒரு பேச்சு கடைத்தெருவில் நெடுநாளாக உண்டு. நானும் இளம் வயதில் வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்லிப் பெருமை பட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு ஆதாரமாக எந்த உற்பத்தியாளரின் ஆவணத்தையும் நான் கண்டதில்லை. நான்கு நிறங்களையும் கலந்து கறுப்பை ஆழமாக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தாலும் அதே அடம் ஏற்படும். வெறும் கறுப்பு என்று மாற்றி வைத்ததும் பல இயந்திரங்கள் சமாதானமாகி அச்சிடத் தொடங்கிவிடுவதை என் கையாலேயே பார்த்திருக்கிறேன்.

பழைய அஞ்சல்காரன்

புள்ளிகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, ஜெராக்ஸ் டாக்குகலர் வரிசை இயந்திரங்களின் குறியீட்டை உடைத்து வெளியிட்டது. 15 நெடுவரிசைகளும் 8 கிடைவரிசைகளும் கொண்ட ஒரு கட்டம் அது. மேல்வரிசையும் முதல் நெடுவரிசையும் பிழை சரிபார்ப்புக்கு ஒதுக்கப்பட்டவை. எஞ்சிய ஏழு வரிசைகளுக்கும் மேலிருந்து கீழாக 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. புள்ளி இருக்கும் இடங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த நெடுவரிசையின் எண் வந்துவிடும்.

அவர்கள் காட்டிய மாதிரித் தாள் 2005 ஜூன் 21 அன்று 12.50க்கு அச்சிடப்பட்டது. இரண்டாம் நெடுவரிசை நிமிடம்: 32, 16, 2 ஆகிய இடங்களில் புள்ளிகள் இருந்தால் 50. ஐந்தாவது மணி: 8, 4 சேர்ந்து 12. ஆறாவது தேதி: 16, 4, 1 சேர்ந்து 21. ஏழாவது மாதம்: 4, 2 சேர்ந்து 6. எட்டாவது ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம்: 4, 1 சேர்ந்து 5. ஒரு நெடுவரிசையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இரண்டே புள்ளிகள் உள்ள மணி, மாதம், ஆண்டு ஆகியவற்றின் தலையில் கூடுதலாக ஒரு புள்ளி விழும். மூன்று புள்ளிகள் உள்ள நிமிடத்துக்கும் தேதிக்கும் அது தேவையில்லை. ஒரு புள்ளி அழிந்துபோனாலும் எங்கோ பிழை இருக்கிறது என்று தெரிந்துவிடும். 11 முதல் 14 வரையிலான நெடுவரிசைகளில் இயந்திரத்தின் வரிசை எண் இருக்கும்.

ஆனால் இந்த வாய்ப்பாடு அந்த வரிசை இயந்திரங்களுக்கு மட்டுமே பொருந்தும். 2018இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 18 நிறுவனங்களின் 141 அச்சுப்பொறிகளிலிருந்து எடுத்த 1286 தாள்களை ஆராய்ந்து, அதுவரை தெரியாதிருந்த வேறு அமைப்புகளையும் கண்டறிந்தார்கள். புள்ளிகளைப் படிக்கவும், கூடுதல் புள்ளிகளைத் தூவி அவற்றைக் குழப்பவும் ஒரு மென்பொருளையும் வெளியிட்டார்கள். ஆகவே உங்கள் மேலாளர் இணையத்தில் கிடைத்த முதல் வாய்ப்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டால், 47ஆம் தேதி, 19ஆம் மாதம் என்றுகூட விடை வரக்கூடும்.

சந்தேகி

சரி, வரிசை எண் தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது இயந்திரத்தின் பெயர்தானே? அச்சிடு என்ற பொத்தானை அழுத்திய விரலின் பெயர் அதில் எங்கே இருக்கிறது?

பழைய அஞ்சல்காரன்

நீங்கள் தொட்ட இடம் சரியான இடம். இந்தப் புள்ளிகள் உலகப் புகழ் பெற்றது 2017இல், ரியாலிட்டி வின்னர் என்ற அமெரிக்க ஒப்பந்தப் பணியாளரின் வழக்கில். தேசியப் பாதுகாப்பு முகமையின் ரகசிய அறிக்கை ஒன்றை அவர் அச்சிட்டு அஞ்சலில் அனுப்ப, தி இன்டர்செப்ட் என்ற செய்தித்தளம் அதை ஸ்கேன் செய்து அப்படியே வெளியிட்டது. வெளியான பக்கங்களில் இருந்த மஞ்சள் புள்ளிகளை வாசித்தவர்கள், அது 2017 மே 9 அன்று காலை 6.20க்கு அச்சிடப்பட்டது என்று சொல்லிவிட்டார்கள். புள்ளிதான் அவரைக் காட்டிக்கொடுத்தது என்ற கதை அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

ஆனால் நீதிமன்றத்தில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தாக்கல் செய்த வாக்குமூலத்தில் புள்ளிகளைப் பற்றிய பேச்சே இல்லை. தாளில் மடிப்புத் தெரிந்ததால் அது அச்சிடப்பட்டு வெளியே போயிருக்கிறது என்று ஊகித்தார்கள். கணினிப் பதிவேட்டைப் பார்த்ததில் அந்த அறிக்கையை அச்சிட்டவர்கள் ஆறு பேர் என்று தெரிந்தது. ஆறு பேரின் மேசைக் கணினிகளையும் சோதித்ததில், ஒருவர் மட்டும் அந்தச் செய்தித்தளத்துடன் மின்னஞ்சல் தொடர்பு வைத்திருந்தார். முடிந்தது. அவருக்கு 2018இல் ஐந்து ஆண்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆகவே மேசைக்குறிப்பு அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் அலுவலகத்தில் அச்சுப்பணிகள் ஒரு சர்வர் (மையக் கணினி) வழியாகச் செல்லுமானால், எந்தக் கணினியிலிருந்து, எந்தப் பயனர் பெயரில், எத்தனை மணிக்கு, எத்தனை பக்கம் அச்சானது என்பது அங்கே சாதாரண எழுத்தில் பதிவாகியிருக்கலாம். கோப்பின் பெயரும் இருக்கலாம். ‘மேலாளருக்குப் புகார்’ என்று கோப்புக்குப் பெயர் வைத்திருந்தால் நீல விளக்கும் வேண்டாம், உருப்பெருக்கியும் வேண்டாம்.

பாமினி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நெடுங்காலம் தட்டச்சு, பக்க வடிவமைப்பு வேலை செய்தவன். அந்த ‘ஜே’ எழுத்தைப் பற்றி ஒருவரும் பேசாததால் நான் பேசுகிறேன்.

உங்கள் மேலாளர் யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை, அவர் புன்னகைத்திருக்கிறார். அவுட்லுக் என்ற அஞ்சல் மென்பொருளில் முக்காற்புள்ளியையும் பிறை அடைப்பின் மூடும் பாதியையும் அடுத்தடுத்துத் தட்டினால், அது தானாகவே ஒரு சிரிப்பு முகமாக மாறும். ஆனால் அது உண்மையான சிரிப்பு முகக் குறியன்று. விங்டிங்ஸ் என்ற எழுத்துருவில் ‘ஜே’ எழுத்துக்கு உரிய இடத்தில் சிரிக்கும் முகத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள்; மென்பொருள் அந்த இடத்தில் ‘ஜே’ என்று எழுதி, அதற்கு விங்டிங்ஸ் சட்டையை மாட்டிவிடுகிறது. பெறுபவரின் கைப்பேசியிலோ வேறு அஞ்சல் மென்பொருளிலோ அந்த எழுத்துரு இல்லாவிட்டால் சட்டை கழன்று, ‘ஜே’ மட்டும் எஞ்சி நிற்கும்.

தமிழில் தட்டச்சு செய்து பழகிய எவருக்கும் இந்த நோய் புதிதன்று. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று நாம் அடிக்கும்போது, கணினி உள்ளே வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். எழுத்துரு இருக்கும் கணினியில் அம்மா தெரிவார்; இல்லாத கணினியில் அந்த ஐந்தும் பல்லிளிக்கும். வெளிநாட்டிலிருந்த உறவினருக்கு இப்படி அனுப்பிய திருமண அழைப்பு ஒன்று, அவருக்கு ஏதோ வைரஸ் என்று தோன்றி, திறந்த வேகத்தில் அழிக்கப்பட்டது. அவர் திருமணத்துக்கு வரவில்லை, இன்றுவரை குறையும் தீரவில்லை. ஒருங்குறி (யூனிகோடு) வந்த பிறகு புதிய கடிதங்களில் இந்தத் துன்பம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஆனால் பழைய கோப்புகளும் அவற்றை வைத்திருக்கும் அலுவலகங்களும் இன்னும் இருக்கின்றன.

மேசைக்குறிப்பு

பாமினி ஐயாவுக்கு மிக்க நன்றி. உங்கள் பதிவை அச்செடுத்து அந்த மூவரிடமும் கொடுத்தேன். ஒருவர் மட்டும் இன்னும் நம்பவில்லை. அந்த மேலாளர் சிரித்ததைத் தாம் பார்த்ததே இல்லை என்கிறார்.

பழைய அஞ்சல்காரன்

பாமினி அவர்கள் தொட்டதை ஒட்டி ஒரு சிறு விலகல்; பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நிறுவனத்தில் மின்னஞ்சலுக்கு நெடுங்காலம் லோட்டஸ் நோட்ஸ் வைத்திருந்தோம். 1989இல் வெளிவந்து, 1995இல் ஐபிஎம் கைக்குப் போய், 2019இல் எச்சிஎல் நிறுவனத்திடம் வந்து சேர்ந்த மென்பொருள் அது. தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த சிவ் நாடார் தொடங்கிய அதே எச்சிஎல்தான். உலகம் முழுவதும் எஃப்5 விசையைத் தட்டினால் பக்கம் புதுப்பிக்கப்படும். நோட்ஸில் அதைத் தட்டினால் உங்களை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிடும். புதிய அஞ்சல் வந்ததா என்று பார்க்கத் தட்டியவர்கள் எல்லோரும் கடவுச்சொல் பெட்டியின் முன் மீண்டும் நின்றார்கள்.

அந்தப் பெட்டியும் விசித்திரமானது. ஓர் எழுத்தைத் தட்டினால் ஒரே ஒரு குறி விழாது. இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை மாறி மாறி விழும். பக்கத்தில் எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் போன்ற சிறு படங்கள் ஒவ்வொரு தட்டலுக்கும் மாறிக்கொண்டிருக்கும். பழுதாகிவிட்டது என்று என்னிடம் ஓடி வந்தவர்கள் பலர். உண்மையில் இரண்டுமே பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டவை. தோளுக்குப் பின்னால் நிற்பவருக்குக் கடவுச்சொல்லின் நீளம் தெரியக் கூடாது. போலிப் பெட்டி ஒன்றை யாராவது வைத்தால், வழக்கமான படங்கள் வராததைக் கண்டு நாமே விழித்துக்கொள்ள வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் பயனர்களில் ஒருவருக்காவது இதை யாராவது விளக்கியிருந்தார்களா என்றால் இல்லை, என்னையும் சேர்த்து.

கறுப்புக்கோட்டு

வழக்குரைஞர் என்ற முறையில் இரண்டு செய்திகள். மேலாளர் அந்தக் கடிதத்தை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் சுற்றுக்கு விட்டிருந்தால், அந்த ஸ்கேனை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது, 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்த மூன்று அறைகளும் 14.13 என்றே வந்திருப்பதைக் கண்டார். எழுத்து மங்கவில்லை, சிதையவில்லை. தெளிவான, அழகான, தவறான எண்.

கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, ஒரே மாதிரி தோன்றும் எழுத்துத் துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமித்து மற்ற இடங்களில் அதையே ஒட்டும் ஜேபிக்2 என்ற முறைதான் இதற்குக் காரணம்; வேறு தாள்களில் 6 இருந்த இடத்தில் 8 வந்து அமர்ந்துகொண்டது. சுருக்கத்தின் அளவை மாற்றி வைத்தால் போதும் என்று நிறுவனம் முதலில் சொன்னது; உயர்ந்த தர அமைப்பிலும் அதே தவறு நேர்கிறது என்று கிரீசல் காட்டிய பிறகு, திருத்த மென்பொருளை வெளியிட வேண்டியதாயிற்று. ஓவர்டைம் பட்டியலில் 6 மணி நேரமா 8 மணி நேரமா என்பதுதானே உங்கள் தகராறின் வேரே?

அடுத்து, சான்று. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட வேண்டுமானால் அதற்குரிய சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்தில், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு இருக்கிறது. அச்சுச் சர்வரின் பதிவேட்டை வெறுமனே அச்செடுத்து நீட்டினால் போதாது. அலுவலக விசாரணை நீதிமன்றத்தைப் போல அத்தனை கறாராக நடக்காது என்பது உண்மையே. ஆனால் வேலை நீக்கம் வரை போனால் விவகாரம் ஒருநாள் நீதிமன்றத்தில் வந்து நிற்கும்.

சந்தேகி

என்னுடைய வருத்தம் வேறு. கள்ளநோட்டுக்கு எதிராக என்று சொல்லி வைத்த புள்ளி, ஓவர்டைம் புகார் எழுதியவரைத் தேடப் பயன்படுகிறது. ரூபாய் நோட்டைத் தடுப்பதற்கு வேறு வழிகள் இல்லாமல் இல்லை. பல நாட்டுப் பணத்தாள்களில் ஐந்து சிறு வட்டங்கள் கொண்ட ஓர் அமைப்பு உண்டு. அதைக் கண்டதும் வண்ண நகல் இயந்திரம் நகலெடுக்க மறுத்துவிடும். 2002இல் மார்கஸ் குன் என்ற ஆய்வாளர் அதை அடையாளம் கண்டு, ஓரியன் விண்மீன் கூட்டத்தை நினைவூட்டும் வகையில் யூரியன் என்று பெயரிட்டார். அது நோட்டை மட்டும் பார்க்கிறது, என் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை.

டோனர்காரர்

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆயினும் நடைமுறையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புள்ளியில் பதிவாகும் நேரம் இயந்திரத்தின் உள்ளே ஓடும் கடிகாரத்தின் நேரம். நான் சேவைக்குச் செல்லும் அலுவலகங்களில் அந்தக் கடிகாரம் சரியாக இருப்பதைப் பார்ப்பது அபூர்வம். நிறுவும்போது நேர வலயத்தை மாற்றாமல் விட்டுவிடுவார்கள்; இயந்திரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி, கிரீன்விச்சில் குடியிருக்கும். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி செத்திருந்தால், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் அது பிறந்த ஆண்டுக்கே திரும்பிவிடும்.

மேசைக்குறிப்பு

நேற்று மாலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேலாளரே என்னை அழைத்து, ‘உனக்கு இதெல்லாம் தெரியுமாமே’ என்று கடிதத்தை நீட்டினார். கூட்ட அறையின் திரைகளை இழுத்துவிட்டு, டோனர்காரர் ஐயா சொன்னபடி நீல விளக்கைப் பிடித்தோம். வருகைப் பட்டியலின் வெற்றிடம் முழுவதும் மிளகுப்பொடி தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் எழுந்தன. விளக்கை அணைத்ததும் மறைந்தன. மேலாளர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எங்கள் மாடியில் உள்ள வண்ண இயந்திரத்தில் ஒரு சோதனைத் தாள் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஓரிரு புள்ளிகள் இடம் மாறியிருந்தாலும் பெரும்பகுதி அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தது.

கடிதம் எங்கள் மாடி இயந்திரத்தில்தான் பிறந்திருக்கிறது. ஆனால் அந்த இயந்திரத்தை நாங்கள் பதினான்கு பேர் ஒரே ரகசிய எண்ணைத் தட்டிப் பயன்படுத்துகிறோம். அந்த எண்ணை இயந்திரத்தின் மூடியிலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி வைத்தவர் மேலாளர். பதினான்கு பேரில் அவரும் ஒருவர். சர்வர் பதிவேட்டிலும் ‘பொது’ என்ற ஒரே பயனர் பெயர்தான் இருக்கிறது என்று கணினிப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். கடிதம் இப்போது அவருடைய மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஓவர்டைம் பட்டியலை மறுபடி சரிபார்க்கும்படி எங்கள் பிரிவுக்கு ஒரு குறிப்பும் வந்திருக்கிறது.

இயந்திரத்தின் கடிகாரத்தையும் பார்த்தேன். டோனர்காரர் ஐயா சொன்னது போலவே சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது.

கறுப்புக்கோட்டு

அந்தக் கடிகாரத்தில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். இயந்திரத்தின் திரையையும் உங்கள் கைக்கடிகாரத்தையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து, வித்தியாசத்தைத் தேதியுடன் எழுதி, இருவரின் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் அச்சான நேரம் பிற்பாடு கேள்விக்கு வந்தால், அந்த வித்தியாசம் ஒன்றுதான் கணக்கை நேராக்கும்.

மேசைக்குறிப்பு

உங்கள் பதிவைப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்புதான் அதைச் சரி செய்தேன்.

டோனர்காரர்

தம்பி, எத்தனை மணிக்குச் சரி செய்தீர்கள் என்பதையாவது குறித்து வைத்தீர்களா?